நாடு மாறியவர்கள் – 14: 1958-ம் ஆண்டு வரி ரசீது

தெற்கு பூட்டானில் ஆரஞ்சும் ஏலக்காயும் இஞ்சியும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் லோட்ஷம்பா மக்கள். நேபாளி பேசுபவர்கள், பெரும்பாலோர் இந்துக்கள். 1988-ல் அவர்களுடைய ஊர்களுக்கு வந்த கணக்கெடுப்பு அதிகாரிகள் ஒரு காகிதத்தைக் கேட்டார்கள். 1958-ம் ஆண்டு நிலவரி கட்டிய ரசீது. 1957 ரசீது இருந்தால் போதாது, 1959-ம் போதாது. அந்த ஒரு வருடத்து ரசீதுதான் வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய துண்டுக் காகிதத்தை எந்தக் குடியானவன் வீட்டில் தேடி எடுக்க முடியும்?

மக்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை உண்மையான பூட்டானியர், ஏழாவது வகை அந்நியர். ஒரே வீட்டில் கணவர் ஒரு வகையிலும் மனைவி இன்னொரு வகையிலும் விழுந்தார்கள். எதிர்த்தவர்கள் மீது அடக்குமுறை பாய்ந்தது. ‘விருப்பப்பட்டே போகிறேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பலரை வெளியேற்றினார்கள். இந்தியா வழியாக நேபாளத்தின் ஜாபா, மொரங் மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏழு முகாம்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூங்கில் குடிசைகளில் கிடந்தார்கள். பூட்டான் திரும்ப அழைக்கவில்லை. நேபாளம் குடியுரிமை தரவில்லை. கொண்டுவந்திருந்த ரசீதுகளையும் பழைய அடையாள அட்டைகளையும் பிளாஸ்டிக் உறையில் பொத்திவைத்து, முகாமுக்கு வந்த செய்தியாளர்களிடமெல்லாம் பெரியவர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

2007-ன் இறுதியில் மறுகுடியேற்றம் தொடங்கியது. எட்டு நாடுகளுக்கு 1,13,000-க்கும் அதிகமானோர் போனார்கள். அவர்களில் 90,000-க்கும் மேற்பட்டோரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. ஒஹாயோவின் கொலம்பஸ், ஆக்ரன், பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் என்று பனி கொட்டும் நகரங்களில் புது வாழ்க்கை. இளையவர்களுக்கு வேலை கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பெரியவர்களுக்கோ மறுபடியும் காகிதப் பிரச்சினை.

65 வயது கடந்த, வருமானமில்லாதவர்களுக்கு அமெரிக்க அரசு மாதாமாதம் ஒரு நிதியுதவி தருகிறது. அகதியாக வந்தவருக்கு அது முதல் ஏழு ஆண்டுக்குத்தான். அதற்குள் குடியுரிமை வாங்காவிட்டால் பணம் நின்றுவிடும். 1996-ல் வந்த சட்டம் ஐந்து ஆண்டு என்றுதான் சொன்னது, மறு வருடம் அதை ஏழாக்கினார்கள். ஆனால் குடியுரிமைக்கு மனுப்போடவே ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். மிச்சம் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டுக்குள் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களில் ஒன்றையாவது படிக்க வேண்டும், ஒன்றையாவது எழுத வேண்டும், அமெரிக்க வரலாறு, ஆட்சிமுறை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாழ்நாளில் எந்த மொழியிலும் எழுத்துக் கூட்டிப் படித்திராத பாட்டி என்ன செய்வார்?

வயதானவர்களுக்குச் சலுகை இல்லாமல் இல்லை. 55 வயது கடந்து, 15 ஆண்டு நிரந்தரமாகக் குடியிருந்தவர் ஆங்கிலத் தேர்வு இல்லாமல், வரலாறு, ஆட்சிமுறைக் கேள்விகளுக்குத் தன் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். 68 வயதில் வந்து இறங்கியவருக்கு அந்தச் சலுகை 83 வயதில் கிடைக்கும். உதவித்தொகையோ 75-லேயே நின்றுபோயிருக்கும். மருத்துவர் சான்று கொடுத்து விலக்கு வாங்கவும் வழி உண்டு. அந்தப் படிவத்தை நிரப்பித் தரும் மருத்துவரைத் தேடிப் பிடிப்பது தனிப்பாடு.

சட்டம் இருக்கட்டும், இந்த மனிதர்களை ஆய்வாளர்கள் எப்படிப் பார்த்தார்கள்? பொதுக்காரியங்களில் ஒருவருடைய ஈடுபாட்டை அளக்கும் வழக்கமான படிவம் இப்படிக் கேட்கும்: ஓட்டுப் போட்டீர்களா? சங்கத்தில் உறுப்பினரா? மக்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினீர்களா? குடியுரிமையோ ஆங்கிலமோ இல்லாதவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்வார். மதிப்பெண் பூஜ்யம். கேள்வியே தவறு என்பது என் கருத்து.

இதற்கு மாற்றாக, சமூகத்தோடு சேர்ந்து செய்யும் ஆய்வுமுறை ஒன்று உண்டு. தான்சானியாவில் மார்யா-லீசா ஸ்வான்ட்ஸ், கொலம்பியாவில் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா போன்றோர் வளர்த்தெடுத்தது. இந்தியாவில் ராஜேஷ் டாண்டன் 1982-ல் தொடங்கிய பிரியா அமைப்பும் இந்த வழியில் வந்ததே. என்ன கேட்பது என்பதை அந்த மக்களும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். வீடுவீடாகப் போய்ப் பேசுபவர் அதே மொழிக்காரராக இருப்பார். கண்டதை அவர்களிடமே திரும்பக் கொண்டுவந்து சொல்லிச் சரிபார்ப்பார்கள். பாஸ்டன் கல்லூரியின் தெரேசா பெட்டன்கோர்ட் குழு, நியூ இங்கிலாந்தில் பூட்டானிய, சோமாலி பாண்டு குடும்பங்களோடு இந்த முறையில் வேலை செய்கிறது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஜெசிகா குட்கைண்ட் நடத்தும் திட்டத்தில் மாணவர்களும் அகதிகளும் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம், முதியோருக்கு ஆங்கிலமும் குடிமைப் பாடமும் சொல்லித்தரக் கல்லூரி மாணவர்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அனுப்பத் தொடங்கியது. குடியேறிய முதியோர் தங்கள் சமூகத்துக்கு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பது குறித்து 2008-ல் அங்கிருந்து ஒரு அறிக்கையும் வந்தது.

அப்படி உட்கார்ந்து கேட்டால் படிவத்தில் இடமில்லாத உழைப்பெல்லாம் வெளியே வருகிறது. ஒரு சாவு விழுந்தால் பதின்மூன்று நாள் காரியத்தை யார் முன்னின்று நடத்துவது? மாமியார், மருமகள் சண்டையை யார் போய்ப் பேசித் தீர்ப்பது? இரவு ஷிஃப்டுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர்களின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? எல்லாம் அந்தப் பூஜ்ய மதிப்பெண்காரர்கள்தான்.

இது வெறும் கணக்கு விவகாரமல்ல. 2009 தொடங்கி மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் குடியேறிய பூட்டானியர் 16 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் நான்கு மாநிலங்களில் விசாரித்தது. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட முடியாத நிலை, தாங்கிப்பிடிக்க ஆளில்லை என்ற எண்ணம் ஆகியவை தற்கொலை எண்ணத்தோடு பிணைந்திருப்பதைக் கண்டது. ஒரு மனிதரை வேண்டாதவர் என்று உணரவைப்பதன் விலை அவ்வளவு பெரியது.

தேர்வில் தேறாத கிழவர்களால் சட்டத்தையே மாற்ற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. லாவோஸில் அமெரிக்காவுக்காக ரகசியப் போரில் சண்டையிட்ட ஹ்மாங் மக்கள், அகதிகளாக வந்த பிறகு ஆங்கிலத் தேர்வில் தடுக்கி விழுந்தார்கள். வாஷிங்டனுக்குத் திரண்டு போய் முறையிட்டார்கள். மினசோட்டா காங்கிரஸ் உறுப்பினர் புரூஸ் வென்டோ அவர்களுக்காகப் பல வருடம் போராடினார். 2000-ம் ஆண்டு மே 26 அன்று, அந்த முன்னாள் வீரர்களுக்கும் மனைவிமாருக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்களிக்கும் சட்டம் கையெழுத்தானது. அதைவிடப் பெரிய பொதுக்காரியம் எது?

பூட்டானியப் பெரியவர்களுக்கு அப்படியொரு சட்டம் இன்னும் வரவில்லை. வர வேண்டும். 2025 அக்டோபர் 20 முதல் மனுப்போடுவோருக்குத் தேர்வு முன்னைவிடக் கடினமாகிவிட்டது. 100 கேள்விகளிலிருந்து 10 கேட்டு 6 சரியாக இருந்தால் போதும் என்றிருந்தது, 128 கேள்விகளிலிருந்து 20 கேட்டு 12 சரியாக இருக்க வேண்டும் என்றாகியிருக்கிறது. ஏழாண்டுக் கெடுவில் மாற்றமில்லை.

(தொடரும்)