நாற்றங்காலும் நடவு வயலும்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள கௌதமபுரத்திற்குச் சென்றவர்கள் அங்கே ஒரு புதுமையைக் கண்டிருப்பர். பெருந்தலைவர்களுக்குச் சிலை எடுக்கும் நம் நாட்டில், பிரேசில் தேசத்துப் பந்தாட்ட வீரர் பெலேக்கு அங்கே சிலை நிற்கிறது. அதை நாட்டியவர்கள் செல்வர்கள் அல்லர். பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து குடியேறிய எளிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. கௌதமபுரமும் ஆஸ்டின் டவுனும் மர்பி டவுனும் இந்தியக் கால்பந்துக்கு அளித்துள்ள வீரர்களின் வரிசை நீண்டது.

அவ்வாறு அளித்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? திறமையுள்ள பிள்ளையைப் பருவம் முதிருமுன்பே வெளியூர்க் கழகம் அழைத்துச் செல்லுமாயின், அவனை வளர்த்த மைதானத்தின் கதி யாது? அவன் படிப்பின் கதி யாது? இக்கேள்விகள் நம்முள் பல வீடுகளின் வாசலில் நிற்பவை. ஆதலின் இவற்றைச் சற்றே ஆராய்வோம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் அனுபவம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கூடைப்பந்தாட்டம் கல்லூரிகளின் உயிர்நாடி போன்றது. அங்கே முதல் நிலைக் கல்லூரி அணிகள் 350-க்கும் மேற்பட்டவை. அவை வட்டாரந்தோறும் கூட்டணிகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஆண்டுதோறும் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ. சுமார் 60 இளைஞர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிறது.

பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழியாமல் எவரும் அத்தேர்வுக்கு வரலாகாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. அதை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி பறித்துப் பிழைத்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1968 ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்ற அணியில் ஆடியவர். குடும்பத்தின் வறுமை நான்கு ஆண்டுகள் காத்திருக்குமா என்பதே அவர் வழக்கின் சாரம். 1971-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அன்று முதல் இளைஞர்கள் கல்லூரியைப் பாதியில் விட்டுச் செல்லும் வழி திறந்தது. பின்னர் 2005-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 19 வயது நிரம்பிப் பள்ளியை விட்டு ஓராண்டு கழிந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதனால் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடி விலகுவோர் பெருகினர்.

இதன் விளைவுக்குக் கெண்டக்கி பல்கலைக்கழகம் நல்ல சான்று. 2012-இல் அவ்வணி தேசியக் கோப்பையை வென்றது. சில மாதங்களுக்குள் அதன் வீரர்கள் ஆறு பேர் தொழில்முறை அணிகளுக்குத் தேர்வாகிவிட்டனர். அவர்களுள் இருவர் நாட்டிலேயே முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றவர்கள். அடுத்த ஆண்டு, நடப்புச் சாம்பியனான கெண்டக்கி தேசியப் போட்டிக்குத் தேர்வுபெறவே இல்லை. இரண்டாந்தரப் போட்டியொன்றில் முதல் ஆட்டத்திலேயே ராபர்ட் மோரிஸ் என்னும் சிறு கல்லூரியிடம் தோற்றது.

இந்த நட்டம் ஒரு கல்லூரியோடு நிற்பதில்லை. தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஆட்டங்களின் கணக்கைக் கொண்டு அதன் கூட்டணிக்குப் பணம் கிடைக்கிறது. ஆறு ஆண்டுகள் வரை தொடரும் அப்பணத்தைக் கூட்டணிக் கல்லூரிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே, வலிய அணி ஒன்று வீழுமாயின் அதன் கூட்டாளிகளுக்கும் வருவாய் குறைகிறது. ஒரு மாட்டின் நொண்டலால் வண்டி முழுவதும் தாமதிப்பது போன்றது இது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 2014-இல் அதே கெண்டக்கி, புதிய முதலாண்டு மாணவர்களைக் கொண்டே இறுதி ஆட்டம் வரை சென்றது. நாற்றைப் பிடுங்கியதும் மீண்டும் விதைக்கும் வல்லமை அதற்கு இருந்தது. அவ்வல்லமை இல்லாத இடங்களின் கதி வேறு.

கோப்பையும் கூடவே சென்றது

இனி நம் நகருக்கு வருவோம். பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் கழகம் 1937-இல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பட்டாளத்து ஆங்கிலேய அணிகளே ஆண்டுவந்த அப்போட்டியில் இந்தியக் கழகமொன்று வாகை சூடியது அதுவே முதல் தடவை. 1938-இலும் அக்கழகமே வென்றது. பத்தாண்டுகள் கழித்து, 1948-இல், கல்கத்தாவின் மோகன் பகானை இறுதி ஆட்டத்தில் வீழ்த்தி மூன்றாம் முறையும் அக்கோப்பையைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தது.

அதே 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி முதன்முறையாகக் களமிறங்கியது. அவ்வணியில் மைசூர் இராஜ்யத்து வீரர்களாக சாரங்கபாணி ராமன், அகமத் கான், தன்ராஜ், வஜ்ரவேலு ஆகியோர் இடம்பெற்றனர். ஜூலை 31-ஆம் நாள் பிரான்சுடன் நடந்த ஆட்டத்தில் நம்மவருட் பலர் பாதணியின்றி ஆடினர். 2-1 என்ற கணக்கில் தோற்றோம். எனினும் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலைப் போட்ட பெருமை ராமனைச் சார்ந்தது.

அடுத்த ஆண்டே கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அகமத் கானைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. அவரும் தன்ராஜும் வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகியோருடன் சேர்ந்து ஆடிய முன்வரிசைக்கு வங்காளத்து இரசிகர்கள் பஞ்ச பாண்டவர் என்று பெயர் சூட்டினர். தென்னாட்டு வீரர்களைத் தூணாகக் கொண்ட அவ்வணி 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. 1949-இல் ரோவர்ஸ் கோப்பையும் அக்கழகத்துக்கே கிட்டியது. முந்தைய ஆண்டு பெங்களூரில் இருந்த கோப்பை அது! வீரரைப் பின்தொடர்ந்து கோப்பையும் சென்றது எனலாம். பெங்களூர் முஸ்லிம்ஸ் அதை மறுபடி வெல்லவே இல்லை.

அகமத் கானைக் குறை கூறுவார் எவருமிலர். 1951-இல் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1952-இல் மறுபடி ஒலிம்பிக், கல்கத்தாவின் பல்லாயிரம் இரசிகர்களின் அன்பு ஆகிய இவ்வனைத்தும் பெங்களூரிலேயே இருந்திருந்தால் அவருக்கு இவ்வளவு எளிதில் வாய்த்திரா. கலைஞன் சபையை நாடிச் செல்வது இயல்பு. அவருக்குப் பின் சென்றவர்களும் பலர். அருமைநாயகம் மோகன் பகானில் ஆடினார். 1962-இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்று தங்கம் பெற்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். 1970-களில் உலகநாதன் அதே கழகத்தின் சீருடையை அணிந்தார். கார்ல்டன் சாப்மன் இளம் வயதில் ஜாம்ஷெட்பூரின் டாடா கால்பந்துப் பயிற்சிக் கழகத்திற்குச் சென்று, 1993-இல் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். 2020-இல் அவர் மறைந்தபோது கல்கத்தாவும் பெங்களூரும் ஒருங்கே கண்ணீர் வடித்தன.

பிரிவு மட்டுமா காரணம்?

வீரர்கள் சென்றதனால்தான் பெங்களூர் தாழ்ந்தது என்று முடிவுகட்டிவிட இயலுமா? சந்தோஷ் கோப்பையின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. மைசூர் அணி 1946-47-இல் அதனை வென்றது. பெரிய வீரர்கள் கல்கத்தா சென்ற பின்னரும் 1952-53-இல் வென்றது. 1967-68-இலும் 1968-69-இலும் அடுத்தடுத்து வென்றது. நான்கு முறையும் இறுதி ஆட்டத்தில் வீழ்ந்தது வங்காளமே.

பிடுங்கப் பிடுங்க முளைத்த அந்த விந்தைக்குக் காரணம் என்ன? அக்காலத்தில் இந்நகரில் நாற்றங்கால்கள் பல இருந்தன. தெருவுக்குத் தெரு திறந்த மைதானம் இருந்தது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. முதலிய அரசாங்கத் தொழிற்சாலைகள் தத்தமக்கென அணி வைத்திருந்தன. பட்டாளப் பிரிவுகளும் அவ்வாறே. பந்தாடத் தெரிந்த பையனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகம் கிடைத்தது. எல்லாரும் கல்கத்தா செல்லத் தேவை இருக்கவில்லை. பத்து பேரில் ஒருவர் சென்றால் ஒன்பது பேர் உள்ளூரில் தங்கி ஆடினர். அவர்களைப் பார்த்து அடுத்த தலைமுறை கற்றது.

பின்னர் மைதானங்கள் கட்டடங்களாயின. தொழிற்சாலைகளில் விளையாட்டு வீரருக்கான வேலைகளும் சுருங்கின. எச்.ஏ.எல். அணி 2010-இல் ஐ-லீக் வரை ஏறி, 2012-இல் கீழிறங்கியது. மைசூர் மாநிலம் 1973-இல் கர்நாடகமெனப் பெயர் மாறியது. அப்பெயரில் ஒரு சந்தோஷ் கோப்பை கிட்ட 2023-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச் 4-ஆம் நாள் ரியாத் நகரில் மேகாலயத்தை 3-2 என வென்றபோது, இடையே 54 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆகவே உண்மை இது: நாற்றைப் பிடுங்குவதால் நாற்றங்கால் கெடுவதில்லை, பிடுங்கிய பின் நீரும் எருவும் விடாமையால்தான் கெடுகிறது.

அமெரிக்கரும் இதைக் காலங்கடந்தே உணர்ந்தனர். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயராலும் படத்தாலும் பொருளீட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாயின. தங்கினாலும் வயிறு நிறையும் என்றானபின் இளைஞர்கள் பலர் கல்லூரியிலேயே மேலும் ஓரிரு ஆண்டுகள் தங்குகின்றனர். கெண்டக்கியைச் சேர்ந்த தென்கிழக்குக் கூட்டணியிலிருந்து 2025-இல் 14 அணிகள் தேசியப் போட்டிக்குத் தேர்வாயின. இதற்கு முன் எந்தக் கூட்டணியும் காணாத எண்ணிக்கை அது. தடை விதித்து எவரையும் நிறுத்த இயலவில்லை. தங்குவதற்குத் தகுந்த காரணம் தந்தபோதே தங்கினர்.

இன்று நம் வீடுகள் செய்யத்தக்கவை

இன்று நிலைமை சற்றே தலைகீழாகியுள்ளது. 2013-இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி. முதற்பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் வென்றது, 2018-19-இல் ஐ.எஸ்.எல். கோப்பையும் வென்றது. முன்பு வீரரை அனுப்பிய நகரம் இன்று பிறவூர் வீரரை வரவேற்கிறது. நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பும் அருகே வந்துள்ளது, ஆசையும் கூடியுள்ளது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். அமைப்பாளர்கள் அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தனர். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியினரின் சம்பளத்தைக் கால வரையறையின்றி நிறுத்தி வைத்தது. நாடறிந்த வீரர்களுக்கே அந்நிலை எனில், பதினேழு வயதுப் பையனின் ஒப்பந்தம் எவ்வளவு உறுதியானது என்பதைப் பெற்றோர் சிந்தித்தல் வேண்டும்.

பையனுக்கு அழைப்பு வருமாயின் மறுத்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. நம் தந்தையரும் பாட்டன்மாரும் கோலாரின் சுரங்கங்களுக்கும் தண்டு நிலையத்துப் பட்டறைகளுக்கும் வந்தபோது எவரிடம் உறுதி பெற்று வந்தனர்? துணிவு நம் குலதனம். ஆனால் துணிவோடு விவரமும் வேண்டும்.

முதலாவது, சிறுவன் ஆடும் உள்ளூர்க் கழகத்தில் அவன் பெயர் முறைப்படி பதிவாகி இருத்தல் வேண்டும். உலகக் கால்பந்துச் சங்கமாகிய ஃபிஃபாவின் விதிப்படி, 12 வயது முதல் ஒருவனைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு, அவன் முதன்முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது பயிற்சி ஈட்டுத்தொகை கேட்கும் உரிமை உண்டு. நாடு விட்டு நாடு விலைபேசி மாறும்போது அவ்விலையில் 5 சதவீதம் அவனை வளர்த்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கத் தக்கது. அகமத் கான் காலத்தில் பெங்களூருக்குக் கிட்டாத நீர்ப்பாய்ச்சல் இது. பதிவுச் சீட்டு இல்லையேல் உரிமையும் இல்லை.

இரண்டாவது, அதே விதிகளின்படி 18 வயதுக்குட்பட்டவருடன் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்தல் கூடாது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று காகிதம் நீட்டும் தரகரைக் கண்டால் வாசலிலேயே விடை கொடுத்தனுப்புங்கள். ஒப்பந்தத்தைச் சட்டமறிந்த ஒருவர் படித்துப் பொருள் கூறுமுன் கையொப்பம் இடாதீர்கள். காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் கேட்டறியுங்கள்.

மூன்றாவது, படிப்பு. பந்தாட்டக்காரனின் தொழில் முப்பத்தைந்து வயதில் முடிகிறது. வாழ்க்கை அங்கே முடிவதில்லை. கல்லூரிக்கு நாள்தோறும் செல்ல இயலாவிடில் தொலைநிலைக் கல்வி வழி பட்டம் பெறலாம். ஒரு முழங்கால் முறிந்த அன்று அப்பட்டத்தின் அருமை விளங்கும்.

நான்காவது, சங்கத்தாராகிய நம் கடமை. பேட்டையில் எஞ்சியுள்ள மைதானத்தைக் காப்பதும், ஊர் திரும்பும் பழைய வீரரை அழைத்துச் சிறுவர்க்குப் பயிற்சி அளிக்கச் செய்வதும் நம்மால் ஆகக்கூடியவை. கௌரவித்து மாலை சூட்டுவதோடு நின்றால் போதாது.

உழவர் மரபில் வந்த நமக்கு இதை அயலார் கற்பிக்க வேண்டியதில்லை. நாற்றங்காலிலேயே நின்ற நாறு கதிர் தள்ளாது. காலத்துக்கு முன் பிடுங்கிய நாறு வேர் பிடிக்காது. பிடுங்கும் நாளை அறிதல் ஒரு பாதி. மற்றொரு பாதி, அடுத்த போகத்துக்கான விதைநெல்லைக் குதிரில் காத்து வைத்தல். கௌதமபுரத்து மைதானத்தில் இன்று மாலையும் பந்து உருளும். அதன் பின்னே ஓடும் சிறுவருள் நாளைய ராமன் ஒருவன் இருக்கக்கூடும். அவன் எங்கே போய் ஆடினாலும் ஆடட்டும். அவன் விட்டுச் செல்லும் மண்ணில் மற்றொருவன் முளைக்க வழி செய்வது நம் பொறுப்பு.