சிசுக்களுக்கும் பெரியோர்க்கும் காணும் காமாலை நோய்

காமாலை என்பது தனியொரு வியாதியன்று. தேகத்தினுள் நேர்ந்த கோளாற்றைப் புறத்தே காட்டும் அடையாளமேயாகும். கிராமங்களில் கண் மஞ்சளித்தவுடன், பச்சிளங் குழந்தைக்கும் வயது முதிர்ந்தோர்க்கும் ஒரே மூலிகையையும் ஒரே மந்திரிப்பையும் நாடுவோர் பலர். ஆனால் பிறந்து மூன்று நாளான சிசுவுக்குக் காண்பது ஒன்று. நாற்றங்காலில் வேலை செய்வோனுக்குக் காண்பது மற்றொன்று. இவ்வேற்றுமையை உணராது காலங்கடத்துவதால், எளிதில் காப்பாற்றத்தக்க உயிர்களும் வீணே நஷ்டமாகின்றன.

மஞ்சள் நிறம் உண்டாகும் விதம்

இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் சுமார் 120 நாட்கள் இருந்து அழிகின்றன. அவ்வாறு அழியும்போது பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் தோன்றுகிறது. இது நீரில் எளிதிற் கரையாது. கல்லீரல் இதனைக் கரையத்தக்கதாக மாற்றிப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்பிவிடுகிறது. மலத்திற்குப் பழுப்பு நிறம் வருவது இதனாலேயே.

கடைமடை விவசாயிகளுக்கு இதனை விளக்குதல் எளிது. வரத்து மிகுந்தாலும், மதகு சரியாகத் திறவாவிட்டாலும், வடிகால் அடைபட்டாலும் வயலில் நீர் தேங்கும். அவ்வாறே சிவப்பு அணுக்கள் மிகுதியாக அழிந்தாலும், கல்லீரல் பழுதுற்றாலும், பித்தக்குழாய் கல்லினாலோ கட்டியினாலோ அடைபட்டாலும் பிலிருபின் இரத்தத்தில் தேங்குகிறது. வயது வந்தோர்க்கு 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் சுமார் 1 மில்லிகிராம் வரையில் இருப்பது இயல்பு. 2 அல்லது 3 மில்லிகிராம் ஆனவுடன் கண்ணின் வெண்மை மஞ்சளாகும்.

பிறந்த குழந்தைகள்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 60-க்கும், குறைமாதக் குழந்தைகளில் 80-க்கும் முதல் வாரத்தில் மஞ்சள் காண்கிறது. சிசுவின் சிவப்பு அணுக்கள் எண்ணிக்கையில் மிகுதி, ஆயுளிற் குறைவு. அதன் கல்லீரலோ இன்னும் முதிர்ச்சி அடையவில்லை. இவ்விதமான மஞ்சள் 2-ஆம், 3-ஆம் நாளில் தோன்றி, சில நாட்கள் மிகுந்து, இரண்டு வாரத்திற்குள் பெரும்பாலும் தானே மறையும். அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தலே இதற்கு முதன்மையான உதவி. குடல் அடிக்கடி கழியுமாயின் மஞ்சட்பொருளும் கழியும். சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது நேர்மாறான பலனையே தரும்.

எனினும் பிலிருபின் அளவு கடந்து உயருமாயின் அது மூளையிற் சென்று படியும். அப்போது குழந்தை துவண்டு, பால் குடியாமல், கீச்சுக்குரலில் அழுது, உடலைப் பின்புறமாக வில்லைப்போல் வளைக்கும். பிழைத்தாலும் செவிடாகவோ கைகால் முடங்கியோ வாழ நேரிடும். தாயின் இரத்தவகையும் குழந்தையின் இரத்தவகையும் ஒவ்வாமை இதற்கு ஒரு காரணம். சிவப்பு அணுக்களில் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்னும் சத்துக் குறைந்திருப்பது மற்றொன்று. இத்தகைய குழந்தைக்குப் பாச்சை உருண்டை இட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியை உடுத்துவதும் ஆபத்தாகும்.

பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்தி எடுத்தால், தோலின் கீழுள்ள மஞ்சள் தெரியும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், குழந்தை பாலை மறுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு உடனே எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேலும் மஞ்சள் நீடித்து, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் பித்தக்குழாய் அடைப்பு எனச் சந்தேகிக்க வேண்டும். அதற்குரிய ரணசிகிச்சையை இரண்டு மாதத்திற்குள் செய்வித்தலே நன்று.

ஒளிச் சிகிச்சை

இங்கிலாந்தில் ராச்போர்டு ஆஸ்பத்திரியில் 1956-ஆம் வருஷம் ஜீன் வார்டு என்னும் தலைமைத் தாதி, வெயிலில் வைத்த குழந்தையின் மஞ்சள் தணிந்து, துணியால் மூடியிருந்த இடத்தில் மாத்திரம் அது நிலைத்திருப்பதைக் கண்டார். அங்குள்ள வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து 1958-ல் வெளியிட்டனர். நீல ஒளி தோலின் வழியே பாய்ந்து, கல்லீரலின் உதவியின்றியே வெளியேறத்தக்க உருவமாகப் பிலிருபினை மாற்றிவிடுகிறது. குழந்தையின் கண்களை மறைத்து விளக்கின் கீழ்க் கிடத்துவதே சிகிச்சை. அது போதாத அபாய நிலையில் இரத்தத்தை மாற்றுகிறார்கள். வீட்டு வாசலில் வெயில் காட்டுவது இவ்விளக்கிற்கு ஈடாகாது. ஒளியின் அளவு தெரியாது, சூடும் குளிரும் சிசுவை வருத்தும்.

பெரியோர்க்குக் காண்பது

பெரியோர்க்குக் காமாலை வருவது பெரும்பாலும் கல்லீரல் அழற்சியாலாகும். அதில் ஏ, ஈ என்னும் இரு கிருமிகள் மலம் கலந்த நீரால் பரவுவன. டில்லியில் 1955-56-ல் யமுனை நீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தமையால் சுமார் 29,000 பேர் காமாலையுற்றனர். ஈ வகைக் கிருமியே காரணமென்று பிற்காலத்தில் அறியப்பட்டது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ள ஸ்திரீகளுக்கு இது மிகக் கொடியது. வேதாரணியம் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாதலால், நல்ல நீருள்ள கிணற்றைப் பலரும் நாடுகின்றனர். அது ஒன்று கெட்டால் தெரு முழுவதும் நோயுறும். 2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா போன்ற புயல்களுக்குப் பின் இவ்வபாயம் பெருகும்.

வயலிறங்குவோர் எலிக்காய்ச்சலையும் அறிதல் வேண்டும். எலியின் மூத்திரம் கலந்த சேற்றுநீர் காலிலுள்ள புண் வழியே புகுந்து, ஜுரம், கெண்டைச் சதையில் கடும் வலி, கண் சிவப்பு ஆகியவற்றை உண்டாக்கி, பின்னர்க் காமாலையாகும். பெனிசிலின் முதலியவற்றால் இது குணமாகும். தாமதித்தால் சிறுநீரகம் கெடும். பி வகைக் கிருமி இரத்தத்தாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடும் தடுப்பூசி சிசுவைக் காக்கும்.

கீழாநெல்லி

கீழாநெல்லியின் பெயரைக் கூறாது காமாலையைப் பற்றிப் பேசுதல் தமிழ்நாட்டில் இயலாது. சென்னையில் தியாகராஜன் முதலிய ஆராய்ச்சியாளர், பி கிருமியைத் தாங்கியிருந்தோர்க்கு இதனை 30 நாட்கள் கொடுத்து, 37 பேரில் 22 பேர்க்கு அக்கிருமியின் அடையாளம் நீங்கியதாக 1988-ல் வெளியிட்டனர். தாய்லாந்தில் செய்து 1990-ல் வெளியான சோதனையில் அப்பலன் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிவதால், அப்போது உண்ட மருந்திற்கே புகழ் சேர்ந்துவிடுகிறது. கல், கட்டி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றால் வந்த காமாலை அவ்விதம் தணியாது. ஆதலால் முதலில் இரத்தத்தைச் சோதித்துக் காரணத்தை அறிதல் அவசியம். மயக்கமோ பிதற்றலோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சிசுவுக்கு மூலிகைச்சாறு புகட்டுதலும், கண்ணில் பிழிதலும், சூடு போடுதலும் அறவே தகா.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கூட்டுறவுச் சங்கங்கள் இதில் பெரிதும் உதவக்கூடும். பொதுக் கிணற்றிற்குச் சுற்றுச்சுவரும் மூடியும் அமைத்தல், கக்கூஸ் குழியைக் கிணற்றுக்குத் தூரத்தில் தோண்டச் செய்தல், மழைக்காலத்தில் குளோரின் இடும்படி பஞ்சாயத்தை வற்புறுத்தல், குடிநீரைக் கொதிக்கவைக்கும் பழக்கத்தைப் பரப்புதல் ஆகியன முதற்கடமைகள். நோயுற்ற சிசுவுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சையும், 108 வண்டியில் பிரயாணமும் இலவசம் என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். பிரசவமான வீட்டிற்கு முதல் வாரத்தில் ஒருவர் சென்று, குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்படி தாய்க்கு நினைவூட்டுவதற்குப் பணச் செலவு ஏதுமில்லை; அதனால் ஒரு குழந்தையின் செவியும் அறிவும் காக்கப்படும்.