கொழும்பிற் கற்ற திசைச்சொல்

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தனர் நம் முன்னோர். இந்நான்கையும் யான் முப்பதாண்டுகளாக மாணாக்கருக்குக் கற்பித்து வருகின்றேன். நன்னூலுக்கு உரைகண்டோர் திசைச்சொல் வந்து சேரும் நாடுகளைக் கூறுமிடத்து, தமிழொழிந்த பதினேழு நாடுகளை எண்ணிச் செல்வர். அவ்வரிசையில் முதலில் நிற்பது சிங்களம். என்னிடம் பயின்ற மாணாக்கரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் இதனைத் தவறின்றி ஒப்புவிப்பர். ஆயின், அம்முதலாம் நாட்டின் மொழியில் ஒரு சொல்லேனும் ஆசிரியருக்குத் தெரியுமா என்று அவருள் ஒருவரும் இதுகாறும் கேட்டதில்லை. அஃது என் நல்லூழ் என்றே சொல்லல் வேண்டும்.

கடந்த 2025ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் யானும் என் மனைவியும் கொழும்புக்குப் புறப்பட்டோம். எங்கள் மகளும் மருமகனும் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஆறாம் தளத்தில் வாழ்கின்றனர். பேர்த்திக்கு முதலாவது பிறந்தநாள். கொழும்பு எனக்குப் புதிதன்று. விடைத்தாள் திருத்தும் பணிக்காகப் பலமுறை வந்து சென்றுள்ளேன். வெள்ளவத்தையிலே தங்கி, வெள்ளவத்தையிலே உண்டு, சங்கத்தில் ஒரு சொற்பொழிவு கேட்டுத் திரும்புவோனுக்குத் தமிழன்றி வேறொரு மொழி வேண்டுவதில்லை. மனைவியோ ஒருமுறையேனும் உடன்வந்தவளல்லள். அழைக்கும்போதெல்லாம் பசு கன்றீனும் காலம் என்பாள். கோயிற் கொடியேற்றம் என்பாள். மகளின் திருமணமும் ஊரிலேயே நடந்தமையால் அவளுக்குத் தப்புவது எளிதாயிற்று. பேர்த்தியின் பிறந்தநாளுக்கு மட்டும் எந்தப் பசுவும் கைகொடுக்கவில்லை.

1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் தடைப்பட்டு, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த யாழ்தேவியிலே பயணம் செய்தோம். வழிநெடுக மனைவி நன்றாகவே பேசிக்கொண்டு வந்தாள். பொல்காவலைக்கு அப்பால் பேச்சுக் குறைந்தது. வண்டி மருதானையைக் கடக்கும்போது சாளரத்தின் வெளியே தலையை நீட்டி எதையோ தேடினாள். பின் முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாதென வினவினேன்.

"தூசி விழுந்திட்டுது" என்றாள்.

அடுத்த நாட் காலை பேர்த்திக்குச் சட்டைத்துணியும் ஒரு சோடி வளையலும் வாங்கப் புறக்கோட்டைக்குச் செல்வதாக முடிவாயிற்று. மருமகன் தம் கைத்தொலைபேசியிலேயே ஒரு முச்சக்கர வண்டியை வரவழைப்பதாகக் கூறினார். யான் சிக்கனம் பற்றிய ஒரு சிறு விரிவுரை நிகழ்த்திவிட்டு, மனைவியுடன் காலி வீதியில் நூறாம் இலக்கப் பேருந்தில் ஏறினேன்.

ஏறியவுடன் நடத்துநர், "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முழங்கினார். யாவரும் முன்னோக்கி நகர்ந்தனர். யானும் நகர்ந்தேன். இலக்கணம் பயின்றவனுக்கு இடமும் குறிப்பும் போதுமன்றோ? 'இஸ்ஸ' என்பது முதன்மை, முன்னிடம் என்னும் பொருளுடைய பகுதி என அவ்விடத்திலேயே துணிந்தேன். சிங்களம் இத்துணை எளிதாயின் இதுவரை வாளாவிருந்தது என் பிழையே என்றும் எண்ணிக்கொண்டேன்.

அப்பொழுது ஓர் இளைஞன் தன் இருக்கையினின்றும் எழுந்தான். பல்கலைக்கழக மாணாக்கனைப்போல் தோளிலே பையும், காதிலே பாட்டுக் கேட்கும் கருவியும் அணிந்திருந்தான். அக்கருவியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "வாடி வென்ன தாத்தே" என்றான்.

வாசகர்களே, அச்சொற்றொடரை என் செவி பகுத்த வகையைக் கேளுங்கள். 'வாடி' என்பது வினையெச்சம். 'வென்ன' என்பது 'வெந்த' என்பதன் மரூஉ. 'தாத்தே' என்பது தாத்தா என்பதன் விளி. ஆகவே, வாடி வெந்த தாத்தாவே! எனக்கு ஐம்பத்தேழு வயது. பேர்த்தி பிறந்து ஓராண்டாகியும் பாட்டன் என்ற பட்டத்தை இன்னும் மனம் கையொப்பமிட்டு ஏற்கவில்லை. அவ்வாறிருக்க, முன்பின் அறியாத ஒருவன், பலர் முன்னிலையில், அடைமொழி இரண்டு கொடுத்து அழைத்தான் எனின் யாது செய்வது? அவனை ஒரு பார்வை பார்த்தேன். வீட்டுப்பாடம் செய்யாத மாணாக்கருக்கென யான் வைத்திருக்கும் பார்வை அது. பின் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பற்றியவாறு நின்றேன்.

இளைஞனின் முகம் கறுத்தது. அவன் மீண்டும் அமரவுமில்லை. இருக்கை சிறிதுநேரம் வெறிதே கிடந்தது. அதன்பின் மனைவி அவனருகிற் சென்று மெல்ல ஏதோ கூறிவிட்டு அதில் அமர்ந்தாள். அவன் சிரித்தான். வண்டியின் இரைச்சலில் அவள் கூறியது எனக்குக் கேட்கவில்லை.

புறக்கோட்டையில் வியப்புகள் தொடர்ந்தன. கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடையினுள் நுழைந்த மனைவி, அங்கிருந்த பையனை நோக்கி, "மல்லி" என்றாள்.

"துணிக்கடையில் மல்லி ஏது? வீட்டில் வேண்டிய மட்டும் கொத்தமல்லி இருக்கின்றதே" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பையன் துணிகளை எடுத்துப் பரப்பினான். அவள் "கீயத" என்றாள்; அவன் ஒரு விலை கூறினான். அவள் "எபா" என்று எழுந்தாள். அவன் விலையைக் குறைத்தான். இவ்வாறு இரண்டுமுறை எழுந்து இரண்டுமுறை அமர்ந்தபின், முதலிற் கூறிய விலையில் மூன்றிலொரு பங்கு எங்கள் பையிலேயே தங்கிவிட்டது. செட்டியார் தெருவில் வளையல் வாங்கும்போது கடைக்காரர் தமிழர். ஆகவே யானே விலைபேசினேன். அவர் கூறிய விலையையே கொடுத்தோம்.

"இச்சொற்களை எங்கே கற்றீர்?" என்று கேட்டேன்.

"காதிலை விழுந்தது" என்றாள். பெண்களின் காது கூர்மையானது என்று எண்ணி அமைந்தேன்.

மாலையில் மகளும் மருமகனும் பேர்த்தியைத் தூக்கிக்கொண்டு வர, எல்லாருமாகக் காலிமுகத்திடலில் கூடினோம். ஓய்வுபெற்றுக் கொழும்பில் வசிக்கும் என் பழைய நண்பர், கணித ஆசிரியர், அவரும் வந்து சேர்ந்தார். கடல் இரைந்தது, பட்டங்கள் பறந்தன. அவ்விடத்து நடைபாதையை 1856இல் தொடக்கி 1859இல் முடித்தவர் ஹென்றி வார்ட் என்னும் ஆள்பதி என்றும், கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் உலாவுதற்பொருட்டு இதனைப் பேணுமாறு தமக்குப்பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலே பொறித்து வைத்தார் என்றும் நண்பர் கூறினார்.

"அந்தக் கல்லிலை ஆம்பிளையளைப் பற்றி ஒண்டும் இல்லையோ?" என்றாள் மகள்.

"ஆண்கள் பை தூக்குவதற்கு வரலாம்" என்றார் நண்பர். பை என் கையிலேதான் இருந்தது.

கரையோரத்துக் கடைகளில் விளக்கேற்றத் தொடங்கினர். ஒரு வண்டிக்காரர், "இஸ்ஸோ வடே, இஸ்ஸோ வடே" என்று கூவினார். காலையிற் கற்ற கல்வி மாலையில் உதவியது. இஸ்ஸ என்றால் முதன்மை. ஆகவே இஸ்ஸோ வடை என்றால் வடைகளுள் முதன்மையானது, தலையாய வடை! இதனை நண்பருக்கு விளக்கிக்கொண்டே சென்று ஆறு வடை வாங்கினேன். கண்ணாடியை வீட்டிலே விட்டு வந்திருந்தேன். வடையின் மேற் செந்நிறமாய் வளைந்து கிடந்தவற்றைச் செத்தல் மிளகாய் எனக் கொண்டேன். பிறந்தநாள் தொட்டு மரக்கறி உணவன்றிப் பிறிது தீண்டாதவனாகிய யான், முதல் வடையை வாயருகே கொண்டுசென்ற வேளை,

"இஞ்சாருங்கோ! அதை வையுங்கோ! அதிலை இறால் கிடக்கு!" என்று மனைவி ஓடிவந்து கையைப் பற்றினாள். "இஸ்ஸோ எண்டால் இறால்!"

நண்பர் மணலிலேயே அமர்ந்துவிட்டார். அவர் சிரித்து முடிப்பதற்குள் பேர்த்தியும் காரணமறியாது சிரிக்கத் தொடங்கினாள். தலையாய வடைகள் ஆறும் நண்பருக்கும் மருமகனுக்கும் உரியவாயின.

தோல்வியை மறைக்க எண்ணிய யான், "இம்மொழியிற் பேசுவோர் மரியாதையும் அறியாதார். இன்று பேருந்தில் ஒருவன் என்னை வாடி வெந்த தாத்தா என்றான்" என்றேன்.

மனைவி சிரிக்கவில்லை. சற்றுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாடி வென்ன எண்டால், இருங்கோ எண்டு அர்த்தம். தாத்தா எண்டால் சிங்களத்திலை அப்பா. அந்தப் பிள்ளை உங்களை அப்பா எண்டு கூப்பிட்டு இடம் தந்தது."

கடலோசை மட்டும் கேட்டது. யான் அவ்விளைஞனைப் பார்த்த பார்வை என் நினைவுக்கு வந்தது. "நீர் அவனுக்கு என்ன கூறினீர்?" என்று கேட்டேன்.

"அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் எண்டு சொன்னன்."

அதன்பின் அவள் மணலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவர்கள் 1983இல் அகதிகளாய்க் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்த குடும்பம் என்பதை மணம்பேசிய நாளிலேயே அறிவேன். அதற்கு முன் எவ்வாறிருந்தனர் என்று யான் கேட்டேனல்லேன். மருதானையில் அவள் தந்தையார் ஒரு சுருட்டுக்கடை வைத்திருந்தார். எதிர்வீட்டுச் சிங்களப் பெண்ணொருத்தி இவளினும் இரண்டு வயது மூத்தவள். இவளை 'நங்கி' என்று அழைப்பாளாம். தங்கை என்பது பொருள். ஆடி மாதத்தில் கடை எரிந்த இரவும் அதற்கு மறுநாளிரவும் அவ்வீட்டாரே இவர்களை அரிசி மூடைகளுக்குப் பின்னே மறைத்து வைத்தனர். மூன்றாம் நாள் முகாமுக்கு வந்தவர்கள், பின்னர் அத்தெருவைக் கண்டிலர். அப்பொழுது இவளுக்குப் பதினொரு வயது.

"முப்பத்தொரு வருஷம். ஒருநாளும் இதை நீர் பேசக் கேட்டதில்லையே" என்றேன். "வெறுத்துவிட்டீரோ?"

"வெறுப்பெண்டில்லை. பேசினால் ஆர் பதில் சொல்லுறது? அந்தப் பாஷையிலை எனக்குத் தெரிஞ்சது அந்த வீடு மட்டும்தான்." சிறிது நிறுத்தி, "நீங்கள் கேட்டனீங்கள்தானே. பிள்ளையளை நித்திரையாக்கேக்கை நான் பாடுற பாட்டு?" என்றாள்.

கேட்டிருக்கின்றேன். எங்கள் பிள்ளைகள் இருவரும் அப்பாட்டிலேதான் உறங்கினர். பொருளற்ற தாலாட்டு என எண்ணி, அதில் ஓரிடத்தில் சந்தி பிழைபட்டுள்ளது என்று ஒருமுறை திருத்தியும் கொடுத்தேன். அஃது எதிர்வீட்டுத் தாய் தன் மடியில் இருத்திப் பாடிய சிங்களத் தாலாட்டாம். யான் திருத்தியபோது அவள் சரியென்று தலையசைத்துவிட்டுப் பழையபடியே பாடினாள் என்பது இப்பொழுது நினைவுக்கு வருகின்றது.

"நாளைக்கு மருதானைக்குச் சென்று அவ்வீட்டைத் தேடுவோமா?" என்றேன்.

"வண்டியிலை வரேக்கை பாத்தனான். அந்தப் பக்கமெல்லாம் பெரிய கட்டடம். இந்தமுறை வேண்டாம். அடுத்தமுறை பாப்பம்." அடுத்தமுறை என்று ஒன்று உண்டு என அவளே கூறியது அதுவே முதன்முறை.

இருட்டியது. குழந்தை உறங்கிவிட்டமையால் மகளும் மருமகனும் முச்சக்கர வண்டியிற் சென்றனர். நண்பர் வடையின் சுவையைப் புகழ்ந்தவாறு விடைபெற்றார். யாமிருவரும் மீண்டும் நூறாம் இலக்கப் பேருந்துக்கு நின்றோம். நிற்கும்போது மனைவியிடம் இரண்டு சொற்கள் கேட்டு, பண்டித பரீட்சைக்குச் சூத்திரம் உருப்போட்டதுபோல வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டேன்.

பேருந்து நிறைந்திருந்தது. எனினும் காலையில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. பள்ளிச் சீருடையணிந்த ஒரு பையன், மாலை வகுப்பிலிருந்து வீடு திரும்புவோன் போலும், எழுந்து தன் இருக்கையைக் காட்டினான். யான் மனைவியை அமரச்செய்தேன். பின் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவனை நோக்கி, "ஸ்தூதியி, புதா" என்றேன். நன்றி, மகனே என்பது பொருள். புதா என்பது புதல்வனுக்கு உறவு என்பதைக் கூறவும் விரும்பினேன். மனைவி கண்ணாற் தடுத்துவிட்டாள்.

பையன் என் உச்சரிப்பைக் கேட்டு யான் யாரென அறிந்துகொண்டான் போலும். தனக்குத் தெரிந்த தமிழைத் தேடிச் சேர்த்து, "பரவாயில்லை, ஐயா" என்று கூறிவிட்டு, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிச் சென்றான்.

"பார்த்தீரா, எத்துணை மரியாதை! ஐயா என்கிறான்" என்றேன்.

"சிங்களத்திலை ஐயா எண்டால் அண்ணன்" என்றாள் மனைவி.

திடுக்கிட்டேன். அவன் கூறியது தமிழ் ஐயாவா, சிங்கள ஐயாவா? இயற்சொல்லா, திசைச்சொல்லா? கேட்பதற்கு அவன் இறங்கிவிட்டான். பம்பலப்பிட்டி கடந்து வெள்ளவத்தை வரும்வரை யான் இந்த ஐயத்திலேயே உழன்றேன். இறங்கும்போது மனைவி முடிவு கூறினாள்:

"எதெண்டால் என்ன? காலமை தாத்தா, பின்னேரம் அப்பா, இப்ப அண்ணன். கொழும்புக்கு வந்து உங்களுக்கு வயது குறைஞ்சு போச்சு."