இன்ஸ்பெக்டர் யார்கிட்ட 'முடியல'ன்னு சொல்லுவார்?

2023 டிசம்பர் 26, நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறல்... பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அடுத்து தொழிற்சாலை முன்பு போராட்டம். அதே மாசம்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகமே கறுத்துப்போயிருந்தது. மக்களோட கோபம் நியாயமானது. ஆனா, அந்தக் கோபத்துக்கும் கம்பெனி கேட்டுக்கும் நடுவுல நிற்கிற காக்கிச்சட்டையை எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா?

குழாயை மூடச் சொல்லும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்கு இல்லை. நஷ்டஈடு தரவும் முடியாது. ஆனா கல் ஒண்ணு பறந்தா, பதில் சொல்ல வேண்டியது அவர்தான். ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே இதைச் சொல்லிட்டார்: வேலை அதிகமா இருக்கறது மட்டும் ஆளை உடைக்காது, பொறுப்பு மலையா இருந்து, முடிவெடுக்கிற உரிமை கையளவுகூட இல்லாதப்போதான் மனசு நொறுங்கும். உங்க ஆபீஸ் டீம் லீடரைக் கேட்டுப் பாருங்க, ஆமாம்பார்!

2021-ல் தமிழக அரசு காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார விடுமுறை அறிவிச்சது. ரொம்ப நல்ல விஷயம். அப்போ அந்த வரிசையில இன்ஸ்பெக்டர் இல்லை. யாருக்கு என்னைக்கு லீவு, அன்னைக்கு பந்தோபஸ்துக்கு யாருன்னு கணக்குப் போடறது மட்டும் அவர் வேலை. இதுக்கு நடுவுல கோர்ட், நைட் ரவுண்ட்ஸ், மைக்கில் மேலதிகாரியின் குரல்.

மேல போகப்போக இது குறையும்னு நினைக்காதீங்க. 2023 ஜூலை 7-ம் தேதி கோவை சரக டி.ஐ.ஜி விஜயகுமார் தற்கொலை செய்துகொண்டார். மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருந்தவர். பணிச்சுமை காரணமில்லை, உடல்நலப் பிரச்னைதான் என்றது காவல்துறை. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் தேடுறது தப்புதான். ஆனா, சிகிச்சையில் இருக்கிற அதிகாரி, 'ரெண்டு மாசம் எனக்கு ஓய்வு வேணும்'னு பேர் கெடாம கேட்க முடியுமா? எனக்கு இந்தக் கேள்விதான் பெருசாத் தெரியுது. கீழே இருக்கறவங்க முன்னாடி உடைஞ்சு நிற்கக் கூடாது. மேலே சொன்னா, 'ஸ்டேஷனைச் சமாளிக்கத் தெரியாதவர்'ங்கிற முத்திரை.

2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். வீட்டுல யாராவது காக்கிச்சட்டை போடறவங்க இருந்தா, தூக்கம் கெட்டு, சிடுசிடுப்பு கூடி, பேச்சு குறைஞ்சா, இதைச் சொல்லுங்க. டெலி மானஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். தமிழ்லயே பேசலாம், பேரையோ பதவியையோ சொல்லணும்னு கட்டாயமில்லை.