ஞாபகத்தைப் பிரித்துவைக்கும் புது நியூரான்கள்

தோல், ரத்தம், குடலின் உட்சுவர் எல்லாம் ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கப்படுகின்றன. மூளைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது என்பதே நெடுங்காலம் பாடமாக இருந்தது. பிறக்கும்போது கிடைத்த நியூரான்களை வைத்துத்தான் ஆயுளை ஓட்ட வேண்டும், இழந்தது இழந்ததுதான் என்பது ஸ்பெயின் நாட்டு நரம்பியல் மேதை சான்டியாகோ ரமோன் இ கஹாலின் முடிவு. மூளையின் பெரும்பகுதிக்கு அது இன்றும் பொருந்துகிறது. விதிவிலக்கு மிகச் சிறிய ஓர் இடம். அந்த இடம் ஞாபகத்தின் வாசலில் இருப்பதால்தான் அதைச் சுற்றி இத்தனை ஆராய்ச்சியும் இத்தனை சண்டையும்.

ஹிப்போகாம்பஸ்தான் அந்த வாசல். காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. 1953-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்கு வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக இரு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-இல் இறக்கும்வரை புதிதாக நடந்த நிகழ்ச்சிகளை அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், மொலைசனுக்கு அது முதல் சந்திப்பு. ஹிப்போகாம்பஸுக்குள் தகவல் முதலில் நுழையும் மடிப்புக்கு டென்டேட் கைரஸ் என்று பெயர். புது நியூரான்கள் பிறப்பது இங்கேதான்.

இதை முதலில் கண்டவர் ஜோசப் ஆல்ட்மன். செல் பிரியும்போது அதன் டிஎன்ஏ இரட்டிக்க வேண்டும். அதற்குத் தைமிடின் என்ற பொருள் தேவை. 1960-களில் எலிகளுக்குக் கதிரியக்கத் தைமிடினை ஊசியில் செலுத்திவிட்டு, பிறகு மூளையைச் சீவி ஆராய்ந்தார். வளர்ந்த எலியின் டென்டேட் கைரஸ் நியூரான்களிலும் அந்த அடையாளம் இருந்தது. 1962-லும் 1965-லும் வெளியான அவருடைய கட்டுரைகளை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1977-இல் மைக்கேல் கப்லன் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு அதையே சொன்னபோதும் நிலைமை மாறவில்லை. ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்த பாஸ்கோ ராக்கிச், வளர்ந்த குரங்கில் புது நியூரான் பிறப்பதில்லை என்று 1985-இல் எழுதினார். அவர் சொன்னதற்கு அப்போது எடை அதிகம். கெனரி குருவிகளின் பாட்டுக்குரிய மூளைப்பகுதியில் நியூரான்கள் புதிதாகச் சேர்வதை அதே காலத்தில் ஃபெர்னாண்டோ நோட்டபோம் காட்டியும், பறவைக்கு நடப்பது மனிதருக்கு நடக்குமா என்று தட்டிக்கழிக்க முடிந்தது.

தட்டிக்கழிக்க முடியாத சான்று 1998-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்ப்பதற்காகப் புற்றுநோயாளிகள் சிலருக்குத் தைமிடின் போலவே டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளைக் கொடுத்திருந்தார்கள். அது கட்டியில் மட்டும் தங்காது, உடலில் எங்கெல்லாம் செல் பிரிகிறதோ அங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதைப் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃபிரெட் கேஜும் பயன்படுத்திக்கொண்டார்கள். நோயாளிகளில் ஐந்து பேரின் மூளையை இறப்புக்குப்பின் ஆராய்ந்ததில், டென்டேட் கைரஸின் நியூரான்களில் அந்த அடையாளம் தெரிந்தது.

எத்தனை பிறக்கின்றன என்று எண்ண உதவியது அணுகுண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எக்கச்சக்கமாகக் கூடியது. 1963-இல் தடை ஒப்பந்தம் வந்தபின் அது ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. பயிர் காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் சோற்றின் வழியாக உடலுக்குள் வந்து, அந்தச் சமயத்தில் உருவாகும் செல்லின் டிஎன்ஏ-வில் தங்கிவிடுகிறது. ஆகவே நியூரான் டிஎன்ஏ-வில் உள்ள கார்பன்-14 அளவைப் பார்த்தால், அது எந்தக் காலத்தில் பிறந்தது என்று கணக்கிடலாம். ஸ்வீடனில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃபிரிசென் குழு 2013-இல் இப்படிக் கணக்கிட்டுச் சொன்ன எண்ணிக்கை: வளர்ந்தவரின் ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 நியூரான்கள். புதுப்பிக்கப்படும் நியூரான் கூட்டத்தில் இது ஆண்டுக்கு 1.75 சதவீதம். கோடிக்கணக்கான நியூரான்களுக்கு நடுவில் இந்த 700 என்ன சாதித்துவிடும் என்ற கேள்வி நியாயமானது.

அதற்கு விடை, அவற்றின் இளமையில் இருக்கிறது. சுண்டெலிகளில் பார்த்தவரை, புது செல்களில் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. சுற்றியுள்ள இணைப்புகளில் வேலை கிடைத்தவை பிழைக்கின்றன. பிழைத்தவற்றுக்கு நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை ஒரு தனிப் பருவம். டென்டேட் கைரஸின் முதிர்ந்த நியூரான்கள் லேசில் அசைந்துகொடுக்காதவை, எப்போதாவதுதான் துடிக்கும். இளசுகளோ சிறு தூண்டுதலுக்கும் துடிக்கும், இணைப்புகளைச் சட்டென்று பலப்படுத்திக்கொள்ளும். எண்ணிக்கையில் சொற்பமானாலும், அந்த வாரங்களில் நடக்கும் பதிவில் அவற்றின் கை ஓங்கியிருக்கும்.

அந்தக் கை என்ன செய்கிறது? ரயில் நிலைய ஸ்டாண்டில் தினமும் வண்டியை விடுபவர், மாலையில் திரும்பும்போது இன்று விட்ட இடத்துக்குப் போக வேண்டும், நேற்று விட்ட இடத்துக்கு அல்ல. கூரை, தூண், வரிசை எல்லாம் ஒன்றே, வித்தியாசம் பத்தடி. இப்படி ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் அனுபவங்களை ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே பதிவதற்குத்தான் இளம் நியூரான்கள் உதவுகின்றன என்பது இப்போது வலுவாக உள்ள கருத்து. 2009-இல் வெளியான ஒரு சோதனையில், கதிர்வீச்சால் புது நியூரான் பிறப்பு நிறுத்தப்பட்ட சுண்டெலிகளை எட்டுப் பாதைகள் பிரியும் புதிர்ப்பாதையில் விட்டார்கள். முதலில் ஒரு பாதை மட்டும் திறந்திருக்கும். அடுத்த முறை அதோடு இன்னொன்றும் திறக்கும், தீனி அந்தப் புதுப் பாதையில். இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தபோது அவை சரியாகவே தேர்ந்தன. அருகருகே இருந்தபோது தடுமாறின. 2011-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து சோதித்தார்கள்: மரபணு மாற்றத்தால் புது நியூரான்கள் மடியாமல் தடுக்கப்பட்ட சுண்டெலிகள், மின்னதிர்ச்சி தரும் பெட்டியையும் அதே மாதிரி இருந்த ஆபத்தில்லாத பெட்டியையும் மற்றவற்றைவிட நன்றாகப் பிரித்தறிந்தன.

புது நியூரான் கூடினால் ஞாபகம் கூடும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். வந்து சேரும் ஒவ்வொரு செல்லும் புது இணைப்புகளைப் போடுகிறது. அந்த இடத்தில் பழைய இணைப்புகள் குலையலாம். டொரான்டோவில் ஷீனா ஜோசலினும் பால் ஃபிராங்க்லாந்தும் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். வளர்ந்த சுண்டெலிகளுக்கு ஒரு பெட்டியில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்து, அந்த இடத்தைக் கண்டாலே பயந்து உறையும்படி பழக்கினார்கள். பிறகு சிலவற்றின் கூண்டில் ஓட்டச் சக்கரம் வைத்தார்கள். ஓட்டம் புது நியூரான்களைப் பெருக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். சில வாரம் கழித்துப் பெட்டியில் விட்டபோது, ஓடியவை பயத்தைப் பெருமளவு மறந்திருந்தன. குட்டிகளுக்கு நியூரான் பிறப்பு இயல்பாகவே மிக அதிகம்; அவை சீக்கிரம் மறக்கும். அந்தப் பிறப்பைக் குறைத்தபோது குட்டிகளின் ஞாபகம் நீடித்தது. பிறக்கும்போதே மூளை பெரும்பாலும் முதிர்ந்திருக்கும் கினிப்பன்றிக் குட்டிகளிடம் இந்த மறதி காணப்படவில்லை. மனிதர்களுக்கு முதல் இரண்டு மூன்று வயது நினைவில் நிற்காததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து.

இந்தச் சோதனைகள் எல்லாம் விலங்குகளில். மனிதரைப் பற்றிய வழக்கு 2018-இல் மறுபடி திறக்கப்பட்டது. அந்த ஆண்டு கலிஃபோர்னியாவைச் சேர்ந்த குழு, 13 வயதுக்கு மேல் இளம் நியூரான் எதுவும் கண்ணில் படவில்லை என்றது. அடுத்த மாதமே கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, 14 முதல் 79 வயது வரை 28 பேரை ஆராய்ந்து, முதுமையிலும் பிறக்கின்றன என்றது. முரண்பாட்டின் ஒரு பகுதி ஆய்வகப் பழக்கம் சார்ந்தது. இளம் நியூரானைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள் இறப்புக்குப்பின் சீக்கிரம் சிதைந்துவிடுபவை. மூளையை ரசாயனத்தில் போடுவதில் தாமதமானாலும், அதில் நெடுநாள் ஊறவிட்டாலும் தடயம் அழிந்துபோகலாம். மாட்ரிட் குழு இதில் கூடுதல் கவனம் எடுத்து, 43 முதல் 87 வயது வரையுள்ள 13 பேரின் மூளையில் ஆயிரக்கணக்கான இளம் நியூரான்களைக் கண்டதாக 2019-இல் எழுதியது. அல்சைமர் நோயாளிகளிடம் அவை வெகுவாகக் குறைந்திருந்தன. 2025-இல் ஃபிரிசென் குழு, வளர்ந்தவர்களின் டென்டேட் கைரஸில் பிரிந்துகொண்டிருக்கும் தாய் செல்களையே மரபணுத் தடயங்களால் அடையாளம் கண்டது. சிலரிடம் அவை நிறைய இருந்தன, சிலரிடம் கிட்டத்தட்ட இல்லை.

இவை எல்லாமே இறந்தவர்களின் மூளையிலிருந்தோ அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டிலிருந்தோ வந்தவை. உயிரோடிருப்பவர்களைப் பொறுத்தவரை, நடைப்பயிற்சி நியூரானை வளர்க்கும் என்று பரவும் செய்திகளுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2011-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. 120 முதியவர்களில் ஒரு பாதி வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தது. மறுபாதி உடலை நீட்டி வளைக்கும் எளிய பயிற்சி செய்தது. ஓராண்டில் நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பருத்தது, மற்றவர்களுடையது சற்றே சுருங்கியது. நடந்தவர்களில் அது அதிகம் பருத்தவர்களுக்கு இடஞ்சார்ந்த நினைவும் அதிகம் மேம்பட்டிருந்தது. ஆனால் ஸ்கேன் காட்டுவது பருமனை மட்டும்தான். கூடியது புது நியூரானா, ரத்தக் குழாயா, பழைய நியூரான்களின் கிளைகளா என்று அதில் தெரியாது.