துடுப்புத் தோணிகளும் நீர் ஸ்கூட்டர்களும்

கழிமுகத்தை அடுத்த ஊராட்சி ஒன்றின் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தபோது, முதிய மீனவர் ஒருவர் எழுந்து தம் குறையைக் கூறினார். உல்லாசப் பயணி ஒருவர் ஓட்டிவந்த நீர் ஸ்கூட்டரால் தம் தோணி கவிழ இருந்ததென்றும், அன்று பிடித்த இறால் முழுவதும் நீரோடு போயிற்றென்றும் சொன்னார். மிக வேகமாக வந்தாரோ என்று வினவினோம். “இல்லை, ஐயா. என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார். குறைத்த பிறகுதான் தோணிக்குள் தண்ணீர் ஏறியது” என்றார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். ஆயினும் பெரியவர் சொன்னது முற்றிலும் சரியே.

நீர் ஸ்கூட்டர் முழு வேகத்தில் செல்லும்போது அதன் அடிப்பாகம் மேலெழும்பி, நீர்ப்பரப்பின்மீது வழுக்கிச் செல்கிறது. மிக மெதுவாகச் செல்லும்போதும் அது எழுப்பும் அலை சிறிதே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேகத்தில்தான் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் நிமிர்ந்து, கலப்பை மண்ணைப் புரட்டுவதுபோல் நீரைப் புரட்டுகிறது. பேரலை எழுவது அப்பொழுதே. ஆகவே, தோணியை நெருங்கிய பின் வேகத்தைப் பாதியாகக் குறைப்பது உபகாரமன்று, அபகாரமே. தொலைவிலேயே குறைத்து, நடை வேகத்தில் கடந்து, வெகுதூரம் சென்ற பின்னரே மீண்டும் விரைதல் வேண்டும். குறுகிய கால்வாய்களில் அலை கரையில் மோதித் திரும்பி வருவதால், அங்கு இது மேலும் அவசியமாகிறது.

மற்றோர் அபாயமும் உண்டு. இவ்வூர்தி, நீரை உள்ளிழுத்துப் பின்புறமாகப் பீய்ச்சி, அந்த விசையால் ஓடுகிறது. திரும்புவதும் அதே விசையால்தான். எதிரே தோணியைக் கண்டு அஞ்சி விசைப்பிடியை விட்டுவிட்டால், பெரும்பாலான வகைகளில் திருப்பும் ஆற்றலும் போய்விடும். வண்டி நேரே சென்று மோதும். வாடகைக்கு எடுத்து முதன்முறையாக ஓட்டுபவர் இதனை அறிந்திருப்பதில்லை. வாடகைக்கு விடுவோர் இதைச் சொல்லாமல் வண்டியைக் கொடுப்பது பெருந்தவறு என்பது நம் கருத்து.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையிலுள்ள பிச்சாவரம் போன்ற நீர்நிலைகளில், தோணியும் இன்றி இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்போர் உள்ளனர். விரைந்து வருபவர் கண்ணுக்கு அவர்கள் தலை மட்டுமே தெரியும். சில வேளை அதுவும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், நீரிலிருப்போருக்கு 60 மீட்டருக்குள் இவ்வூர்திகள் மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாதென விதித்துள்ளனர். நம் கழிகளுக்கும் இவ்வளவு ஏற்றதே.

கடலில் மோதலைத் தடுக்க 1972இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகளின்படி, முந்திச் செல்லும் கலம் எதுவாயினும், முந்தப்படும் கலத்திற்கு இடையூறின்றி விலகிச் செல்ல வேண்டும். வலை விரித்து மீன்பிடிக்கும் கலத்திற்கு விசைக்கலம் வழிவிட வேண்டும். துடுப்புத் தோணியின் முன்னே குறுக்கிடாது பின்புறமாகக் கடப்பதும், அதனைச் சுற்றி வட்டமிடாதிருப்பதும் விதி சொல்லாவிடினும் முறையேயாகும்.

2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், விசையில்லாத் தோணிகள் தொடர்பான சில பணிகளை மாநில அரசு உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்க இடமளிக்கிறது. ஆதலின் ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரில் எத்தனை தோணிகள் உள்ளன, அவை எந்நேரத்தில் எவ்வழியே செல்கின்றன என்பதைக் குறித்து வைத்தல் நலம். மாவட்ட நிர்வாகத்திடம் முறையிடும்போது அக்குறிப்பே பேருதவியாகும்.

தோணிக்காரரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அலை வருவதைக் கண்டால் எழுந்து நிற்காமல் தாழ அமர்ந்து, தோணியின் முனையை அலைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பக்கவாட்டில் அலையை ஏற்கலாகாது. முன்கூறிய பெரியவர் இதை நமக்குச் செய்தே காட்டினார். அவ்வூரார் கால்வாயின் வாயில் இரு கழிகளை நட்டு, “மெல்லச் செல்க” என்று பலகையும் கட்டினர். வெளியூரார் படிக்கும் பொருட்டு அதில் ஆங்கிலத்திலும் எழுதும்படி சொல்லி வந்தோம்.