சுவரில் தொங்கும் தொலைக்காட்சியும் சுவிஸ் மின்விதிகளும்

புலம்பெயர்ந்து சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவர் இல்லங்களில் பெரிய தொலைக்காட்சியைச் சுவரில் பொருத்துவது இன்று வழமையாகிவிட்டது. கீழே தொங்கும் மின்வடம் கண்ணை உறுத்துவதால், சுவரைத் துளைத்து அதனை உள்ளே மறைக்கவும், பெட்டியின் பின்புறத்தே புதிய மின்குதை அமைக்கவும் பலர் விரும்புகின்றனர். "தெரிந்த பொடியன் வந்து செய்து தருவான்" என்ற பேச்சும் கூடவே எழுகின்றது. இங்கேதான் எச்சரிக்கை தேவை.

ஊரிலும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ற்றே. ஆனால் மின்வேலையை யார் செய்யலாம் என்பதில் இந்நாட்டு விதிகள் இறுக்கமானவை. 2002 சனவரி முதல் நடைமுறையிலுள்ள தாழ்மின்னழுத்த நிறுவல் ஒழுங்குவிதியின்படி, பிறர் வீட்டில் நிலையான மின்னிணைப்பு வேலை செய்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை எஸ்ரி எனப்படும் சமஷ்டி மின்பரிசோதனை நிறுவனம் வழங்குகின்றது. அனுமதியின்றிச் செய்வது தண்டனைக்குரியது.

தாம் குடியிருக்கும் வீட்டில் ஒருவர் தாமே சிறு வேலை செய்வதற்கு விதிவிலக்கு உண்டு. ஆயினும் அந்த மின்சுற்று ஒருதறுவாய் இணைப்பாகவும், 30 மில்லி அம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானால் காக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். முடிந்தபின் அனுமதி பெற்ற பரிசோதகர் அதனைச் சோதித்து, வீட்டு உரிமையாளரிடம் பாதுகாப்புச் சான்றிதழ் கையளித்தல் வேண்டும்.

தொலைக்காட்சியுடன் வரும் வளையும் மின்வடம் வெளியே கிடந்து பயன்படுவதற்கென ஆக்கப்பட்டது. சுவருக்குள் அதன் உறை கிழிந்தாலும் எவர் கண்ணிலும் படாது. தீக்கு அதுவே வித்தாகலாம். மின்வல்லுநரைக் கொண்டு சுவருக்குள் குழாயிட்டு நிலையான கம்பி இழுத்து, பெட்டியின் பின்னே மின்குதை அமைப்பதே முறை. அதற்கு வசதியில்லாதோர், சுவரின் மேல் ஒட்டும் பிளாஸ்ரிக் வடக்காலினுள் வடத்தை இட்டு மறைக்கலாம்.

புதிய மின்குதை, குழிவான 13ஆம் வகையினதாக இருத்தல் வேண்டும். தட்டையான 12ஆம் வகையைப் புதிதாகப் பொருத்துவதற்கு 2017 முதல் இடமில்லை. எல்லை தாண்டி ஜேர்மனியில் வாங்கிய பொருளில் தடித்த வட்டச் செருகி இருப்பின், அதனை வெட்டி மாற்றாது, சுவிஸ் முறைக்குரிய நிலையான இணைப்பியைப் பொருத்துக.

வாடகைக்குக் குடியிருப்போர் மேலும் ஒன்றை மறத்தலாகாது. கடப்பாட்டுச் சட்டத்தின் 260அ பிரிவின்படி, வீட்டில் மாற்றம் செய்ய உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். வாய்ச்சொல் போதாது. வீடு 1990க்கு முன் கட்டப்பட்டதாயின், சுவரிலோ ஓட்டுப்பசையிலோ அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். துளையிடும் தூசி நுரையீரலுக்குக் கேடானது. ஆதலால் துளைப்பதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டறிக. மின்குதைக்கும் ஆளிக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மறைந்த கம்பிகள் ஓடுவது வழமை. அங்கு துளைத்தலைத் தவிர்க்குக.

வேலை முடிந்ததும் சான்றிதழின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி, வாடகை ஒப்பந்தத்துடன் சேர்த்து வைப்பீர். வீடு மாறும் நாளிலும், தீ நேர்ந்து காப்புறுதி நிறுவனம் விசாரிக்கும் நாளிலும் உங்கள் பக்கம் பேசுவது அத்தாளே.